கண்ணுக்குத் தெரியாத குழாய்களையும் கேபிள்களையும் தேடுபவர்கள்

நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் கண்டறியும் துறையில், கருவியைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் நடப்பதைத் தவிர, வெளியில் அதிகம் தெரியாத வேலைகள் ஏதேனும் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. அவற்றில் சில, பல ஆண்டுகளாக இத்துறையில் இருக்கும் எனக்கே இன்னும் வியப்பூட்டுகின்றன. நாயோடு நடந்து நீர்க்கசிவைத் தேடுபவர், எஃகுக் குழாய்க்குள் ஓடும் உருளையை இரவெல்லாம் பின்தொடர்பவர், கலங்கிய நீரில் கையால் தடவியே குழாயின் இணைப்பைக் கண்டுபிடிக்கும் முக்குளிப்பவர், கப்பலிலிருந்து கொக்கி இறக்கி ஆழ்கடல் கேபிளைப் பிடிப்பவர் எல்லோரும் எங்கள் தொழில்காரர்கள்தாம். தேடும் பொருளை இவர்களில் யாரும் பார்ப்பதில்லை. அது வெளிவிடும் ஏதோ ஒன்றை, ஓர் ஒலியையோ வாசனையையோ காந்தப்புலத்தையோ பிடித்துக்கொண்டு, அது எங்கே இருக்கிறது என்று சொல்கிறார்கள்.

அந்தத் தெருவோர வேலையிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற வேலைகளுக்கெல்லாம் அடிப்படை அதில்தான் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் என்ற சிறு பெட்டியின் ஒரு கம்பியைக் குழாயிலோ கேபிளின் உலோக உறையிலோ இணைத்து, மறு கம்பியைத் தரையில் அடித்த முளையில் மாட்டுவோம். குழாய் வழியே மாறுதிசை மின்னோட்டம் ஓடும். அதைச் சுற்றி எழும் காந்தப்புலத்தைக் கையிலிருக்கும் ரிசீவர் உணர்ந்து ஒலி எழுப்பும். ஆகவே கருவி காட்டுவது குழாயை அல்ல, மின்னோட்டத்தை. மின்னோட்டமோ தனக்கு எளிதான வழியில் போகும். 512 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் ஒரே குழாயைப் பற்றிக்கொண்டு நெடுந்தூரம் செல்லும். 33 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண், கம்பி இணைக்க முடியாத இடத்திலும் தூண்டல் மூலம் எளிதாக ஏறிக்கொள்ளும். பக்கத்தில் போகும் வேறொரு குழாய்க்கும் அதே எளிமையோடு தாவிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மின்கேபிளை இப்படித் தேடினேன். அழுத்தமான, தெளிவான ஒலி. நாற்பது மீட்டர் நடந்து தரையில் நேர்கோடாகப் பெயின்ட் அடித்துவிட்டேன். அதைச் சோதிக்கத் தோண்டியபோது கிடைத்தது, எப்போதோ கைவிடப்பட்ட ஒரு எஃகுக் குழாய். மண்ணோடு நல்ல தொடர்பில் கிடந்த அது மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. உண்மையான கேபிள் ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி ஓடியது. அன்று என் மூத்தவர் கற்றுக்கொடுத்த சோதனையை இன்றுவரை நான் விட்டதில்லை. கருவி காட்டும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, கருவியைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயர்த்த வேண்டும். ஆழமும் அதே அரை மீட்டர் கூட வேண்டும். கூடவில்லை என்றால், புலம் சிதைந்திருக்கிறது. அந்த இடத்தில் கருவியை நம்பக் கூடாது.

பிளாஸ்டிக் குழாயில் மின்னோட்டம் ஓடாது. புதைக்கும்போதே அதனோடு ஒரு செம்புக் கம்பியைச் சேர்த்துப் புதைத்திருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால், சோண்ட் எனப்படும் விரல் நீளச் சிறு அலைபரப்பியை வளையும் கோலின் முனையில் கட்டிக் குழாய்க்குள் தள்ளி, மேலே நின்று அதைத் தேடுவோம். இதில் ஒரு பொறி உண்டு. சோண்டுக்கு நேர் மேலே வரும் பெரிய ஒலிக்கு முன்னும் பின்னும் இரண்டு சிறிய ஒலிகள் எழும். முதலில் எதிர்ப்படும் சிறிய ஒலியையே உண்மை என்று நம்பிக் குறியிட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. தரை ஊடுருவும் ரேடாரும் இருக்கிறது. குழாயின் மேல் அதைக் குறுக்கே இழுத்தால் திரையில் கவிழ்த்த வில் போன்ற வளைவு தெரியும். உலர்ந்த மணலில் அது அருமையாக வேலை செய்யும். ஈரக் களிமண்ணில் அலை சில கைப்பிடி ஆழத்துக்குள்ளேயே வலுவிழந்துவிடும். அங்கே திரையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு, கீழே ஒன்றும் இல்லை என்று பொருளே இல்லை.

வெளியே அதிகம் தெரியாத முதல் வேலை, வெயில் படாத வேலை. பழைய வரைபடங்களைத் தோண்டி எடுப்பவர் செய்வது. கைவிடப்பட்ட அந்த எஃகுக் குழாய் ஏதோ ஓர் அலமாரியில் ஒரு தாளில் நிச்சயம் இருந்திருக்கும். குழாய் பதித்த ஆண்டில் வரைந்த தாள், அதன் மேல் பின்னொருவர் பென்சிலால் எழுதிய திருத்தம், எந்த அலுவலகத்திலிருந்தோ இடம் மாறி வந்த பதிவேடு ஆகியவற்றையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கும் ஆள் இவர். ‘கட்டடத்தின் கிழக்கு மூலையிலிருந்து பன்னிரண்டு அடி’ என்று தாள் சொல்லும். அந்தக் கட்டடம் இடிந்து பல காலம் ஆகியிருக்கும். அந்த மூலை எங்கே இருந்தது என்று இன்னொரு பழைய நிலப்படத்திலிருந்து மீட்டெடுப்பதுதான் அவருடைய திறமை. தாளில் இருப்பது வடிவமைப்பா, உண்மையில் பதித்ததா என்று பிரித்தறிவதும் அவர்தான். வழியில் பாறை குறுக்கிட்டதும் குழாயை வளைத்துப் பதித்த மேஸ்திரி, அதைத் தாளில் எழுதாமலே போயிருப்பார். இத்துறையில் ஊதியத்தைவிட மரியாதை குறைவாகக் கிடைக்கும் வேலை இது என்பது என் எண்ணம். எவ்வளவு நல்ல கருவி வந்தாலும், எத்தனை குழாய்களைத் தேட வேண்டும் என்ற எண்ணிக்கையைத் தருபவர் இவர்தான். ஐந்து என்று அவர் சொல்லி நான் நான்கைத்தான் கண்டேன் என்றால் என் வேலை முடியவில்லை.

இந்த நிச்சயமின்மையை ஒளிக்காமல் எழுத ஒரு முறை உண்டு. அமெரிக்கச் சிவில் பொறியாளர் சங்கம் 2002-ல் வெளியிட்டு 2022-ல் திருத்திய தர வழிகாட்டி, தகவலை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. பழைய ஆவணத்தை மட்டும் பார்த்து வரைந்தது கடைசி நிலை. மேன்ஹோல் மூடி, வால்வுப் பெட்டி போன்று தரைக்கு மேல் தெரிவதை அளந்து ஆவணத்தோடு பொருத்தியது அதற்கு மேல். கருவியால் தேடிக் குறித்தது அதற்கும் மேல். தோண்டிப் பார்த்து அளந்தது மட்டுமே முதல் நிலை. அந்த முதல் நிலைக்காக ஒரு தனி வேலை இருக்கிறது. அழுத்தக் காற்றாலோ நீராலோ மண்ணைக் கலைத்து, பெரிய உறிஞ்சுகுழாயால் அதை இழுத்து, குழாய்க்குக் கீறல் படாமல் சிறு குழி எடுப்பது. இரும்புப் பல் கொண்ட இயந்திரம் அந்த இடத்தை நெருங்கவே கூடாது. உயர் அழுத்த எரிவாயுக் குழாயில் விழும் கீறல் அன்றே வெடிக்க வேண்டும் என்பதில்லை. பெல்ஜியத்தின் கிலங்கியான் தொழிற்பேட்டையில் 2004 ஜூலை 30 அன்று எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள். முன்னதாக அங்கே நடந்த கட்டுமானப் பணியின்போதே இயந்திரத்தால் அந்தக் குழாய் சேதமடைந்திருந்தது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை: இரவில் குழாயைக் கேட்பவர். அழுத்தத்தில் இருக்கும் நீர் சிறு துளை வழியே பீறிடும்போது ஒரு சீறல் எழுகிறது. அது குழாயின் சுவர் வழியாகவும் நீர் வழியாகவும் பரவுகிறது. வண்டிகள் அடங்கி, வீடுகளில் தண்ணீர் புழக்கமும் நின்ற பிறகு, கசிவு கேட்பவர் வால்வு வால்வாகப் போய் ஓர் உலோகக் கோலின் ஒரு முனையை வால்வில் வைத்து, மறுமுனையில் காதை வைக்கிறார். கோலுக்குப் பதில் இப்போது மின்னணு ஒலிவாங்கிகளும் பயன்படுகின்றன. ஆனால் கசிவின் சீறலையும், அழுத்தக் குறைப்பு வால்வின் இரைச்சலையும், யாரோ வீட்டில் திறந்துவிட்ட குழாயின் சத்தத்தையும் பிரித்தறியும் காது பல ஆண்டுகளில்தான் வாய்க்கிறது. நல்ல கேட்பவர் ஒருவரோடு ஓர் இரவு நடந்திருக்கிறேன். ஒரு வால்வில் ஐந்து நொடி காது வைத்துவிட்டு, இது நம் கசிவு இல்லை, யாரோ தொட்டியை நிரப்புகிறார்கள் என்றார். சற்று நேரத்தில் அந்த ஒலி நின்றது.

துல்லியமான இடத்துக்குக் கணக்கு வேண்டும். கசிவின் இருபுறமும் குழாயில் இரண்டு உணரிகளை ஒட்டி, ஒலி இரண்டையும் எட்டும் நேர வித்தியாசத்தை அளப்பார்கள். உணரிகளுக்கு இடையே 100 மீட்டர், நேர வித்தியாசம் 0.05 நொடி, இரும்புக் குழாயில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை வித்தியாசம் 60 மீட்டர்; எனவே கசிவு அருகிலுள்ள உணரியிலிருந்து 20 மீட்டரில் இருக்கிறது. ஆனால் அந்தக் குழாய் உண்மையில் பிளாஸ்டிக் என்றால் ஒலி அதில் நொடிக்குச் சில நூறு மீட்டர்தான் ஓடும். 400 என்று கொண்டால் விடை 40 மீட்டருக்கு மாறிவிடும். குழாய் எதனால் ஆனது என்று பழைய தாளில் ஒரு சொல் தவறியதால் இருபது மீட்டர் தள்ளி வீண் குழி தோண்டுவோம். பழைய வரைபடங்களைத் தேடும் அலமாரிக்காரருக்கு மரியாதை குறைவு என்று நான் குறைப்பட்டது இதனால்தான்.

ஒலி கேட்காத கசிவுகளும் உண்டு. பெரிய விட்டமுள்ள குழாய், குறைந்த அழுத்தம், பிளாஸ்டிக் என்று பல காரணங்கள். அங்கே ஒரு வழி, குழாயைக் காலி செய்து 5 சதவீத ஹைட்ரஜனும் 95 சதவீத நைட்ரஜனும் கலந்த, தீப்பிடிக்காத வாயுவைச் செலுத்துவது. மிகச் சிறிய மூலக்கூறான ஹைட்ரஜன் மண்ணையும் தளத்தையும் ஊடுருவி மேலே வரும். வாயு உணரியோடு நடப்பவர் அதைப் பிடித்துவிடுவார். இன்னொரு வழி நாய். சுத்திகரித்த குடிநீரில் இருக்கும் குளோரினை மோப்பம் பிடித்து, மண்ணில் ஊறுவது மழைநீரா குழாய்நீரா என்று காட்டப் பழக்கப்பட்ட நாய்கள் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவின் ஆர்கன்சாவிலும் குடிநீர் நிறுவனங்களுக்காக வேலை செய்திருக்கின்றன. வயல்வெளிகளின் நடுவே நெடுந்தூரம் ஓடும் குழாய்களுக்கு இது பொருத்தம். இதில் மனிதரின் வேலை நாயைப் படிப்பது. சோர்ந்துவிட்டதா, வேறு வாசனையால் கவனம் சிதறியதா, உண்மையிலேயே கண்டுபிடித்துவிட்டதா என்று அறிவது கருவியின் முள்ளைப் படிப்பதைவிடக் கடினம்.

வளைந்த கம்பிகளைப் பிடித்துக் குழாயைக் கண்டுபிடிப்பவர்கள் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். பிரிட்டனின் 12 குடிநீர் நிறுவனங்களில் 10, தங்கள் பணியாளர்களில் சிலர் இதைச் செய்வதுண்டு என்று 2017-ல் ஒப்புக்கொண்டன. என் சக ஊழியர்கள் சிலரும் இதை நம்பினார்கள்; நேர்மையானவர்கள், நல்ல வேலைக்காரர்கள். ஆனால் ஜெர்மனியின் காசல் நகரில் 1990-ல் முறையாக ஒரு சோதனை நடந்தது. புதைத்த குழாயின் இடம் அனைவருக்கும் தெரியும். அதில் இந்த நொடி நீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். சோதனை நியாயமானது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பங்கேற்ற சுமார் 30 பேரின் விடைகள், நாணயத்தைச் சுண்டிச் சொல்வதைவிட மேலானதாக இல்லை. கம்பி சரியாகக் காட்டியது என்று என் நண்பர்கள் சொன்ன இடங்களில் நான் கவனித்தவை வேறு: தளத்தில் நீளவாக்கில் ஒட்டுப்போட்ட தார், சற்றே அமிழ்ந்த மண், இரண்டு வால்வுப் பெட்டிகளுக்கு நடுவே கண் தானாகப் போடும் கோடு. நிலத்தைப் படிக்கும் அந்த அறிவு மெய்யானது, விலைமதிப்பற்றது. அதைக் கம்பியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தோண்டுபவரின் உயிர் நம் பெயின்ட் கோட்டை நம்பி நிற்கிறது.

இனி எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கு வருவோம். அங்கே குழாயைச் சுத்தம் செய்யவும் சுவரின் தேய்மானத்தை அளக்கவும் உள்ளே ஓர் உருளையைச் செலுத்துவார்கள். பின்னாலிருந்து வரும் எண்ணெயோ வாயுவோ அதைத் தள்ளிக்கொண்டு போகும். தொழிலில் அதன் பெயர் ‘பிக்’, அதாவது பன்றி. அது குழாய்க்குள் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தரைக்கு மேலிருந்து பின்தொடர்வது ஒரு முழுநேர வேலை. பின்தொடர்பவர் பன்றியை முந்திக்கொண்டு வண்டியில் போய், முன்பே அளந்து குறித்த இடத்தில் உணரியை மண்ணில் ஊன்றிக் காத்திருப்பார். பன்றியில் பொருத்திய அலைபரப்பி பெரும்பாலும் 22 ஹெர்ட்ஸில் துடிக்கும். எஃகுச் சுவர் உயர்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடுவதால்தான் இவ்வளவு தாழ்ந்த எண். நில அதிர்வைக் கேட்கும் கருவி இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். குழாய்த் துண்டுகளின் ஒவ்வொரு பற்றவைப்பு இணைப்பைத் தாண்டும்போதும் பன்றி ‘டக்’ என்று இடிக்கும். தொலைவில் மெல்லிதாகத் தொடங்கி, நெருங்கி, காலடியில் கடந்து, மறுபுறம் தேயும் அந்த ஒலியை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். கடந்த நேரத்தை எழுதி, வேகத்தைக் கணக்கிட்டு, அடுத்த குறியிடத்துக்கு ஓட வேண்டும். பகல், இரவு, மழை என்று பார்ப்பதற்கில்லை, பன்றி நிற்காது. சொன்ன நேரத்தில் அது வரவில்லை என்றால்தான் உண்மையான தேடல். கடைசியாகக் கடந்த இடத்துக்கும் வராத இடத்துக்கும் நடுவே, மண்ணுக்கடியில் எஃகுக்குள் சிக்கி நிற்கும் ஒன்றை நடந்தே தேடி, தோண்ட வேண்டிய இடத்தைக் காட்ட வேண்டும்.

நீருக்கடியில் வேலை இன்னும் கடினம். ஆற்றைக் கடக்கும் குழாயைத் தேடும் முக்குளிப்பவருக்குப் பெரும்பாலும் தன் கையே தெரியாது. நீர் பீச்சும் மெல்லிய கோலைச் சேற்றில் குத்தி, எதிலாவது முட்டுகிறதா, முட்டுவது கல்லா உலோகமா என்று கைக்கு வரும் அதிர்வை வைத்து அறிகிறார். கீழே அவர் உணர்வதை மேலே தொலைபேசிக் கம்பி வழியாகக் கேட்டு வரைபடத்தில் புள்ளியிடுபவர் ஒருவர் உண்டு. இருவரும் ஒருவருக்கொருவர் பழகியவர்களாக இருப்பது நல்லது.

ஆழ்கடலில் கேபிள் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் பருமன்தான் இருக்கும். அறுந்துவிட்டால் முதல் தேடல் கரையிலிருந்தே தொடங்கும். ஒளியிழைக்குள் ஒரு துடிப்பை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை அளப்பார்கள். போய்வரக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 மைக்ரோநொடி என்பது கணக்கு. பிறகு பழுதுபார்க்கும் கப்பல் போகும். ஆழம் குறைந்த இடங்களில், கேபிளின் செம்புக் கடத்தியில் கரையிலிருந்து 25 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த மின்துடிப்பைச் செலுத்த, தொலைவிலிருந்து இயக்கப்படும் நீர்மூழ்கி இயந்திரம் கடலடி மண்ணுக்கு மேல் தவழ்ந்து அதைத் தேடும். தெருவோரம் நான் செய்யும் அதே வேலை, கடலுக்கடியில். மிக ஆழமான இடங்களில் இன்றும் கொக்கிதான். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் துழாவி எடுப்பதுபோல், கேபிளுக்குக் குறுக்கே கப்பலை மெல்லச் செலுத்திக் கடலடியில் கொக்கியை இழுப்பார்கள். கயிற்றின் இழுவிசையைக் காட்டும் மானியையே பார்த்தபடி ஒருவர் நிற்பார். மானி மெல்ல ஏறினால் கேபிள், துள்ளி விழுந்தால் பாறை. 2022 ஜனவரி 15 எரிமலை வெடிப்பில் அறுந்த டோங்கா தீவுகளின் கேபிளை மீட்டு இணைக்க ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று. உடைந்த துண்டுகள் சிதறி வண்டலுக்குள் புதைந்து கிடந்தன.

இந்தக் கொக்கி வேலையின் மூத்த கதை அட்லாண்டிக்கில் நடந்தது. 1865 ஆகஸ்டில் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் பதித்துக்கொண்டிருந்த தந்திக் கேபிள் நடுக்கடலில் அறுந்து, 3,500 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் மூழ்கியது. சூரியனையும் விண்மீன்களையும் அளந்து குறித்த இடம் மட்டுமே கையில் இருந்தது. மறுஆண்டு கப்பல் திரும்பி வந்து, பலமுறை தோற்று, செப்டம்பர் தொடக்கத்தில் கேபிளைப் பிடித்து மேலே கொண்டுவந்தது. அயர்லாந்தின் வலென்ஷியா கரையில், அறுந்த அதே கேபிளின் மறுமுனையில், இரவும் பகலும் முறைவைத்து ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்து கண்ணாடி மின்னோட்டமானியின் சிறு ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கிட்டத்தட்ட ஓராண்டு. புள்ளி தன் போக்கில் அலைந்துகொண்டிருந்தது. ஒரு விடியற்காலையில் அது ஒழுங்காக அசைந்தது, எழுத்துகளாயிற்று. நான் அறிந்தவரை எங்கள் தொழிலின் மிக அரிய பணி அதுதான்.

இவற்றில் எதற்குப் போவது என்று நீங்கள் யோசித்தால், தெருவோர வேலையிலேயே தொடங்குங்கள் என்பேன். தரை ஊடுருவும் ரேடாரையும் பன்றியையும் கடலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் குறியிட்ட இடத்தை யாரோ தோண்டும்போது, அது உங்கள் வேலை நேரம் முடிந்த பிறகானாலும், போய் அருகில் நில்லுங்கள். குழாயின் உச்சியிலிருந்து தரைமட்டம் வரை டேப்பால் அளங்கள். என் பழைய குறிப்பேடுகளின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்திகள் இருக்கின்றன: கருவி சொன்ன ஆழம், குழியில் அளந்த ஆழம். அவை பொருந்தாத வரிகளுக்கு எதிரே மண்ணின் ஈரத்தையும், பக்கத்தில் ஓடிய மற்ற குழாய்களையும், நான் செலுத்திய அதிர்வெண்ணையும் எழுதி வைத்திருக்கிறேன்.